இரண்டாவது பிரேக்

ஒன்று. ஒன்றே ஒன்று, அதோடு சரி. இலை போடுவதற்கு முன்பே நிரஞ்சனா இதை முடிவு செய்துவிட்டாள். சொல்லப்போனால் காலையில் பட்டுப்பாவாடையின் கொக்கி எட்டாமல் போய், அந்த இடத்தில் அம்மா ஒரு ஊக்கைக் குத்தி, “மூச்ச இழுத்துப் புடிச்சுட்டு நில்லு” என்று சொன்னாளே, அப்போதே செய்துவிட்டாள். ஒரு ஒப்புட்டு, அதாவது பருப்புப் போளி, அப்புறம் சோறு, குழம்பு, ரசம். பாயச வாளி வருவதற்குள் இலையை மூடிவிட வேண்டும். அவளாக மூட வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் “சரி கண்ணு, பாக்கலாம்” என்பார்கள், அந்தப் ‘பாக்கலாம்’ அவளுக்கு வேண்டாம். பதினோரு வயதில் ஒரு பெண் தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, அதை வயிற்றுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு, தாராபுரத்துக் கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. இடது பக்கம் அம்மா கோகிலவாணி. வலது பக்கம் மாப்பிள்ளை வீட்டுக்காரி ஒருத்தி, பாசிப்பயறு நிறத்தில் பட்டுச்சேலை, யாரென்று தெரியாது, உட்காரும்போதே நிரஞ்சனாவை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியை ஒரு விரற்கடை தள்ளிப்போட்டுக்கொண்டவள். அப்பா பந்தியில் இல்லை. அம்மா பிறந்த வீட்டுக்கு மாப்பிள்ளை, அதிலும் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறவர் என்றால் கல்யாணத்தில் கார் நிறுத்துகிற வேலை அவர் தலையில்தான் விழும், பாவம், வெயிலில் நின்று ஊர்க்காரர்கள் கார்களையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டிருப்பார். இலை வந்தது, தண்ணீர் தெளித்தார்கள், குனிந்து துடைக்கும்போது ஊக்கு இடுப்பில் குத்தியது. குத்தட்டும், சட்டத்தை ஞாபகப்படுத்த அந்த ஊக்காவது இருக்கிறதே என்று நினைத்தாள்.

உப்பு, ஊறுகாய், பச்சடி, பொரியல், கூட்டு, வடை என்று ஆள் மாற்றி ஆள் வந்து வைத்துவிட்டுப் போனார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பந்தியில் ஒரு சிக்கல் உண்டு, அதைப் பெரியவர்கள் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இலையில் ஒரு இடம் காலியானால் அங்கே இன்னும் போடு என்று அர்த்தம். காலியாகாமல் மிச்சம் வைத்தால், சோற்றை வீணாக்குகிற பிள்ளை என்று பெயர். சாப்பிட்டாலும் தப்பு, சாப்பிடாவிட்டாலும் தப்பு, நடுவில் ஒரு பிள்ளை எங்கேதான் நிற்பது? வேண்டாம் என்று கையைக் குறுக்கே நீட்டினால், அது கூச்சமாம், கையை விலக்கிவிட்டுப் போடுவார்கள். போடுவதுதான் பாசம். ஆக இந்த மொத்தக் கூடத்திலும் ‘போதும்’ என்பதற்கு இருக்கிற ஒரே பாஷை இலையை மூடுவதுதான், மூடிய இலையை யாரும் திறந்து போட மாட்டார்கள் என்று கண்டுபிடித்தது நிரஞ்சனாவின் சொந்த மூளை. அந்தப் பெருமையில் இருக்கும்போதுதான் தங்கவேல் மாமா ஒப்புட்டுத் தட்டோடு வந்தார். அம்மாவின் அண்ணன், பெண்ணைப் பெற்றவர், இன்றைக்குக் கழுத்தில் தாலி ஏறிய சௌமியா அக்காவின் அப்பா. பெண் வீட்டுக்காரர் கையால் ஒரு இனிப்பாவது பரிமாறினால்தான் அவருக்குத் திருப்தி. வேட்டியை மடித்துக் கட்டி, முதுகில் சட்டை வியர்வையோடு ஒட்டி, முகம் முழுக்கச் சிரிப்பு. “என்ற மருமவளுக்கு வெக்காம யாருக்கு வெக்கறது” என்று ஒன்று வைத்தார். நிரஞ்சனா வாயைத் திறப்பதற்குள், “ஒத்தையா வெக்கக்கூடாது சாமி” என்று இன்னொன்றும் வைத்து, இரண்டின் மேலும் நெய்யை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். அம்மா தொடையில் லேசாகக் கிள்ளினாள். ஒன்று மட்டும் என்று அந்தக் கிள்ளலுக்கு அர்த்தம். எனக்கே தெரியும், நான்தானே முதலில் முடிவு செய்தேன் என்று அவளுக்குக் கோபமாக வந்தது.

முதல் ஒப்புட்டை அவள் அவசரப்படாமல் சாப்பிட்டாள், அதைச் சொல்லியாக வேண்டும். விளிம்பு மொறுமொறுவென்று, நடுவில் பருப்பும் வெல்லமும் கையில் உருகுகிற பதத்தில், ஏலக்காய் வாசம் மூக்கின் பின்பக்கம் வரைக்கும் போய், நெய் உள்ளங்கை ரேகையில் இறங்கி. என்ன சுகம். இந்தச் சுகத்தைப் பற்றி யாரும் அவளிடம் பேசியதில்லை. சாப்பிடாதே என்பார்கள், சாப்பிடு என்பார்கள், நன்றாக இருந்ததா என்று மாமா ஒருத்தர்தான் கேட்பார். மாமாவுக்குச் சர்க்கரை வியாதி, இனிப்பை மோந்துகூடப் பார்க்க அத்தை விடமாட்டாள். “நா தின்ன முடியாது, எனக்கும் சேத்தி நீ தின்னு, நீ தின்னறதப் பாத்தா எனக்கு நாக்குல இனிக்குது” என்பார், சொல்லிவிட்டு உண்மையிலேயே எதிரில் உட்கார்ந்து அவள் வாயையே பார்ப்பார். அவள் ஜுரத்தில் கிடந்தபோது பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாங்கிவந்து, அவள் எழுந்து ஒரு வாய் தின்னும் வரைக்கும் கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தவர். அவருக்கு வேண்டாம் என்று சொல்வது ஒப்புட்டுக்கு வேண்டாம் என்று சொல்வது மாதிரி இல்லையே, அவருக்கே வேண்டாம் என்று சொல்வது மாதிரி ஆகிவிடுமே என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டதில் ஒன்று தீர்ந்துவிட்டது. இரண்டாவது இருந்தது. இலையின் இடது மூலையில், நெய்யில் பளபளவென்று, அவள் பக்கமே பார்த்துக்கொண்டு.

அதைப் பார்க்காதே. பார்க்காமல் இருக்க வேண்டுமானால் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், தெரிந்திருக்க வேண்டுமானால் பார்க்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு நரி மாதிரி. அந்த நரியை நினைத்ததும் கழுத்துப் பின்னால் சூடானது. கோயமுத்தூரில் டாக்டரம்மா முதலில் அந்தக் கழுத்தைத்தான் பார்த்தார். அங்கே படிந்திருந்த கறுப்பை அழுக்கு என்று நினைத்து அம்மா மாசக்கணக்கில் கடலைமாவும் பீர்க்கங்காய் நாருமாகத் தேய்த்துத் தோலையே எடுத்திருந்தாள். “இது அழுக்கு இல்லீங்கம்மா, தேய்க்காதீங்க, உள்ள இருந்து வர்றது” என்று டாக்டரம்மா சொன்னபோது அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் ஒரு சின்ன அறை, கம்ப்யூட்டர். முயல் வந்தால் பொத்தானை அமுத்து, நரி வந்தால் அமுத்தாதே. இவ்வளவுதான் விளையாட்டு, பால்வாடிப் பிள்ளைகூட விளையாடும் என்று நிரஞ்சனா அலட்சியமாக உட்கார்ந்தாள். முயல், முயல், முயல், முயல், நரி. டக். ஐயோ. முயல், முயல், நரி. டக். நரி என்று கண்ணுக்குத் தெரிந்தது, மனசுக்கும் தெரிந்தது, விரலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. தெரியாமல் அமுத்தினால் பரவாயில்லை. தெரிந்தே, தெரிந்துகொண்டிருக்கும்போதே, விரல் போய்விட்டது, அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. வெளியே வந்து மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கதவு சரியாகச் சாத்தவில்லை, உள்ளே டாக்டரம்மா பேசுவது கேட்டது. “நெறையக் கொழந்தைகளுக்கு இப்படித்தான். நிறுத்துன்னு சொல்ற பக்கம் மூளையில மெதுவாத்தான் வளரும். அது மந்தமா இருக்கறதுனால எடை ஏறுதா, எடை ஏறுனதுனால அது மந்தமாகுதான்னு எங்களுக்கே முழுசாத் தெரியல. ஆனாப் பழக்கலாம்.” அப்பாவின் சட்டைப் பையில் டிரைவிங் ஸ்கூல் பெயரைப் பார்த்திருப்பார் போல. “உங்க பொண்ணுக்கு பிரேக் இருக்குதுங்க. கொஞ்சம் லேட்டாப் புடிக்குது, அவ்வளவுதான்.” அப்பா தலையாட்டினார், அவருக்குப் புரிகிற பாஷையில் இதுவரை யாரும் அவளைப் பற்றிச் சொன்னதில்லை. அம்மாதான் அழுதாள். “சொன்ன பேச்செல்லாம் கேக்கற பிள்ளதானுங்க. சாப்பாட்டுல மட்டும் அவளால முடியாதுங்க டாக்டர். அவளால முடியாதுங்க.” திட்டியிருந்தால் மறந்துபோயிருக்கும். அம்மா அதைப் பாசமாகச் சொன்னாள், அதனால் பல்லிடுக்கில் கடலைத் தோல் மாட்டிக்கொண்டது மாதிரி அது அங்கேயே இருந்துவிட்டது.

சோறு வந்தது, பருப்பு வந்தது, குழம்பு வந்தது. பிசைந்தாள். அவளால முடியாது. பிசைகிற கைக்கு இடது பக்கம் ஒப்புட்டு. குழம்பு அந்தப் பக்கமாக ஓடி அதை நனைத்துவிட்டால் நன்றாக இருக்கும், அப்புறம் அதைத் தின்னவே முடியாது என்று ஒரு நப்பாசை. உடனே, குழம்பு நனைக்கப்போகிறதே என்று ஒரு பதைப்பு. இரண்டும் ஒரே பிள்ளைக்குள் ஒரே நேரத்தில் எப்படி வரும், எதை நம்புவது? ஒரு ஓரம் மட்டும் கிள்ளினால் என்ன. கிள்ளினால் அது ஒன்றும் இரண்டு ஆகாது, ஒன்றரைகூட ஆகாது. இப்படித்தான் ஆரம்பிக்கும். ஒவ்வொரு தடவையும் இப்படி ஒரு நியாயமான பேச்சில்தான் ஆரம்பிக்கும், அதட்டி மிரட்டி யாரும் அவளைத் தின்ன வைத்ததில்லை, உள்ளே இருக்கிற குரல் அவ்வளவு மரியாதையாகக் கேட்கும். பசியா என்றால் பசியில்லை. பசி போய்ப் பாதிப் பந்தி ஆகிவிட்டது. இது பசி போன வீட்டில் வாடகைக்கு வந்து உட்கார்ந்திருக்கிற வேறு ஏதோ. ரசத்துக்குக் கொஞ்சம் சோறு வாங்கினாள், போதுங்க என்றாள், அந்த ஆள் கேட்டுக்கொண்டார், சோறு போடுகிறவர்கள் கூலிக்கு வந்தவர்கள், அவர்களுக்கு அவள்மேல் பாசம் இல்லை. “பரவால்லயே, இன்னொன்னு அப்படியே வெச்சிருக்கறயே” என்று அம்மா காதோடு சொன்னாள். நல்ல மனசோடு சொன்னாள், ஆனால் அதைக் கேட்டதும் மூலையில் இருந்த ஒப்புட்டு இன்னும் கொஞ்சம் பெரிதானது. அம்மாவின் கண் அவள் இலையில்தான் இருக்கிறது. அம்மா இன்னும் பாதிகூடச் சாப்பிடவில்லை.

அப்பா ஓட்டப் பழக்குகிற காரில் இரண்டு பிரேக் இருக்கிறது. ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்தில் அப்பா காலடியில் இன்னொன்று. லீவு நாளில் நிரஞ்சனா பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு போவாள். புதிதாகப் பழக வருகிற ஆள், அரிசி மண்டிக்காரரோ டீச்சரோ, எதிரே மாடு வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “பாத்தீங்களா சார், கரெக்டா நிறுத்தீட்டேன்” என்பார். அப்பா ஆமாங்க ஆமாங்க என்பார். வீட்டுக்கு வந்துதான் சிரிப்பார். “எங்க அவுரு நிறுத்துனாரு, நானில்ல அமுத்துனேன். அவுரு கால் இன்னும் பெடலுக்கே போகல.” அன்றைக்கு நிரஞ்சனாவும் கூடச் சிரித்தாள். கோயமுத்தூரிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. அவள் இதுவரை நிறுத்தியதெல்லாம் யார் நிறுத்தியது? பிறந்தநாள் வீட்டில் இரண்டாவது கேக் துண்டு வரும்போது அம்மாவின் கிள்ளல். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் சமோசா தட்டு வரும்போது, எல்லோர் காதிலும் விழ, “அவளுக்கு வெக்காதீங்க, டாக்டர் வேண்டாம்னிருக்காங்க”. வீட்டில் முறுக்கு டப்பா இருக்கிற இடம் மாறிக்கொண்டே இருக்கும். எல்லாம் அம்மாவின் கால். அம்மா களைத்துப்போகிற அளவுக்கு அமுத்திக்கொண்டே இருக்கிறாள், பாவம், அம்மாவும் நிம்மதியாக ஒரு வாய் சோறு சாப்பிட்டு எத்தனை நாளானதோ. ஆனால் அந்த இன்னொரு பெடல், அவளுடையது, அது இருக்கிறதா இல்லையா என்று யாராவது ஒரு தடவையாவது விட்டுப் பார்த்தால்தானே தெரியும்? டாக்டரம்மா இருக்கிறது என்றார். அம்மா முடியாது என்றாள். இரண்டு பேரில் ஒருவர் சொன்னதுதான் நிஜம், அது எது என்று இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும், அம்மா அமுத்துவதற்கு முன்னால் தெரிந்தாக வேண்டும். இதற்காகத்தான் காலையில் அந்தச் சட்டம்.

அப்போது பாயச வாசம் வந்தது. வாளிக்கு முன்னாலேயே வாசம் வந்துவிடும், பாலில் வெந்த சேமியாவும் நெய்யில் வறுத்த முந்திரியுமாக. தலையைத் திருப்பிப் பார்த்தால், கூலிக்காரர் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டு மாமாவே வருகிறார். ஒவ்வொரு இலையாக நின்று, ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கேட்டு, மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு இரண்டு கரண்டி. இப்போது. இப்போதே. முயல், முயல், முயல். மாமா பக்கத்தில் வந்துவிட்டால் அவர் சிரிப்பு வரும், சிரிப்பு வந்தால் முடியாது. மூடு. விரல்களில் ரசச்சோறு காய்ந்து இறுகிக் கிடக்க, அவள் இலையின் தன் பக்கத்து ஓரத்தைத் தூக்கி, எதிர்ப்பக்கம் தள்ளி, பட்டென்று மூடினாள். ஒப்புட்டு உள்ளே போய்விட்டது. பச்சை முதுகு மட்டும் தெரிந்தது. ஆஹா, அவ்வளவுதானா? வேண்டாததைத் தன்னைவிட்டுத் தள்ளிவிடுவது எவ்வளவு சுலபம்.

“அய்ய, என்ன புள்ள இது” என்றாள் பாசிப்பயறுச் சேலை. குரலைத் தாழ்த்தவேயில்லை. “கல்யாணப் பந்தியில எழவு வீட்டுலயாட்ட இலய அந்தப் பக்கமா மூடியிருக்குது.”

நிரஞ்சனாவுக்கு முதலில் புரியவில்லை. எதிர்வரிசையில் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் புரிந்தது. நல்ல காரியம் என்றால் மேல்பக்கத்தைத் தன்னை நோக்கி மடிக்க வேண்டும், உறவு தொடரட்டும் என்று. எதிர்ப்பக்கம் தள்ளி மூடினால் இனி இப்படியொன்று இந்த வீட்டில் வேண்டாம் என்று அர்த்தம், அது துக்க வீட்டுக்கு. தெரியும். தெரிந்ததுதான். விரலுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. வாளியோடு இரண்டு இலை தள்ளி நின்ற மாமாவின் முகத்தில் சிரிப்பு அணைந்துபோயிருந்தது. அவர் மகளின் கல்யாணம். தாலி கட்டி இன்னும் மாலை வாடவில்லை. “சின்னப் புள்ளைங்க, தெரியாமப் பண்ணீட்டா” என்றாள் அம்மா, யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற குரலில். நிரஞ்சனாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. இவ்வளவு கஷ்டப்பட்டு நிறுத்தியதே, அதையும் தப்பாகத்தான் நிறுத்தியிருக்கிறேன். எழுந்து ஓடிவிடலாமா? ஓடினால் இலை இப்படியே கிடக்கும், சௌமியா அக்காவின் கல்யாணத்தில் இப்படியே. திறக்க வேண்டும். திறந்துதான் மறுபடி மூட வேண்டும். மூடிவிட்டதைத் திறப்பது எத்தனை கஷ்டம் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

திறந்தாள். இலைச் சூட்டில் நெய் இளகி, வாசம் அப்படியே மேலே எழுந்தது. ஒப்புட்டு நடுவில் பிளந்து, உள்ளே இருந்த வெல்லப் பூரணம் வெளியே வந்திருந்தது.

“அட, தொறந்துட்டயே சாமி” என்றார் மாமா. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது மாதிரி. திறந்த இலை என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். “அதுக்குள்ள என்ன மூடற அவசரம். ஒரு கரண்டி வாங்கிக்க. எனக்கும் சேத்தி.” கரண்டி வாளிக்குள் போனது. அதே நேரம் நிரஞ்சனாவின் விரல் புறப்பட்டுவிட்டது. அவள் அனுப்பவில்லை, அதுவாகப் போகிறது, அழுகையிலும் அவமானத்திலும் அதற்குத் தெரிந்த ஒரே ஆறுதலை நோக்கிப் போகிறது. அது போவதை அவள் பார்த்தாள். நரி. இது நரி. அன்றைக்கு நரியைப் பார்த்தாள், இன்றைக்கு விரலையும் சேர்த்துப் பார்த்தாள். பூரணத்தின் ஓரத்தில், நெய் நகத்தில் படுகிற இடத்தில், விரல் நின்றது. லேட்டாகத்தான் பிடித்தது. ஆனால் பிடித்தது.

“அண்ணா, அவளுக்கு...” என்று பக்கத்தில் அம்மா ஆரம்பித்தாள். அம்மாவின் கை இலையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

நிரஞ்சனா இலையின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். இந்தத் தடவை தள்ளிவிட முடியாது. தன்னை நோக்கித்தான் இழுக்க வேண்டும், அந்த வாசம், அந்த நெய், மாமாவின் பாசம், எல்லாவற்றையும் தன் மடி வரைக்கும் இழுத்து, அங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இழுத்தாள். ஊக்கு நறுக்கென்று குத்தியது. இலை அவள் பக்கமாக மடிந்து படுத்தது. மேலே இரண்டு உள்ளங்கையையும் வைத்து அமுத்திக்கொண்டாள்.

“போதுங்க மாமா” என்றாள். “ஒப்புட்டு அவ்வளவு நல்லா இருந்துச்சுங்க. ஒண்ணு சாப்புட்டேன். எனக்கு நெறஞ்சிருச்சுங்க.”

மாமாவின் கரண்டியிலிருந்து பாயசம் வாளிக்குள் திரும்பச் சொட்டியது. அவர் மூடிய இலையைப் பார்த்தார், சரியான பக்கமாக மூடிய இலையை, பிறகு அவளைப் பார்த்தார். “நல்லா இருந்துச்சா?” என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். “அது போதும் சாமி” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார்.

அம்மாவின் கை பாதி வழியில் அப்படியே நின்றிருந்தது. நிரஞ்சனாவின் இலையை அது தொடவேயில்லை. கொஞ்ச நேரம் எங்கே போவது என்று தெரியாமல் இருந்துவிட்டு, மெதுவாகத் திரும்பிப் போய், ஆறிப்போன தன் சோற்றைப் பிசைய ஆரம்பித்தது.